சில்லு வச்ச வீடும் எங்கட டிசம்பர் ட்ரிப்பும்

ஜனவரி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. சம்மாந்துறையில் மாரி எப்படி இருக்கும் எண்டு இதை வாசிக்கிற பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை. வட்டைக்குள்ளும் தண்ணி, வளவுக்குள்ளும் தண்ணி. கொடியில் போட்ட உடுப்பு காயாமல் மணத்துக்கொண்டு கிடக்கும். கரண்ட் வரும், போகும். அப்படி ஒரு இரவில்தான் லண்டனிலிருந்து மச்சான் கோல் எடுத்தார். ராத்தாட மாப்பிள்ளை. போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

"அங்க குளிரா மச்சான்?" எண்டு கேட்டேன்.

"நாலரைக்கே இருட்டுடா. காலையில எட்டு மணி வரைக்கும் விடியாது. புள்ளைகளுக்கு வெயில் எண்டா என்ன எண்டே மறந்து போச்சு. நான் ஒண்டு யோசிச்சிருக்கன். வாற டிசம்பர் லீவுக்கு ஸ்பெயினுக்குப் போறம். கரவன்ல."

கரவன் எண்டால் எங்கட பக்கம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. படுக்கை, சின்னக் குசினி, கக்கூஸ், குளிருக்கு ஹீட்டர் எல்லாம் உள்ள ஒரு அறை. அடியில் சில்லு. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவது. பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்துப் பக்கம் பென்ஷன் எடுத்த ஆட்கள் குளிர்காலம் வந்தால் இப்படியொரு வண்டியோடு தெற்கு ஸ்பெயின், போர்த்துகல், மொரோக்கோ எண்டு இறங்கி, வெயிலில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, பனி கரைந்த பிறகு வீடு திரும்புவார்கள். பறவைகள் செய்கிற வேலைதான்.

உம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவ சொன்னது ஒண்டுதான். "நாங்க கட்டிக் குடுத்த வீடு இங்க பூட்டிக் கிடக்கு. அவ அங்க சில்லு வச்ச வீட்டுக்குள்ள படுக்கப் போறாளா?"

கூட்டாளிமாருக்குச் சொன்னேன். அவனுகள் வேற மாதிரி. "சும்மா எடுத்துட்டுப் போகச் சொல்லு மச்சான். இதுக்கெல்லாம் என்ன பிளான்? வண்டி இருக்கு, ரோட்டு இருக்கு."

உம்மா சொன்னது ஒரு பக்கம், கூட்டாளிமார் சொன்னது மறுபக்கம் போலத் தெரியும். எனக்கு ரெண்டும் ஒரே வேரில் முளைத்ததாகத்தான் படுகிறது. ஆசைக்குப் போகிற பயணம் எண்டதை எங்கட சமூகம் ஒரு வேலையாக எடுத்ததே இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போவதெண்டால் மெடிக்கல், ஏஜென்சி, கொன்ட்ராக்ட் எண்டு ஆறு மாதம் ஓடுவோம். ஹஜ்ஜுக்குப் போவதெண்டால் வருஷக்கணக்கில் ஆயத்தம். குடும்பத்தோட ட்ரிப் எண்டால் மட்டும் "சும்மா போவோம்". ஒண்டில் அது வீண் செலவு, இல்லாட்டி விளையாட்டு. அதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும் எண்டு யாருக்கும் தோன்றுவதில்லை. அது சரியில்லை எண்டதுதான் நான் இங்கே சொல்ல வருவது. மச்சான்ட கரவன் அதைச் சொல்வதற்கு ஒரு சாட்டு.

முதலில் எங்கட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓ.எல். எழுதிய டிசம்பர். குடும்பத்தோட நுவரெலியா. பதினாலு பேர் இருக்கக்கூடிய வேனில் பதினேழு பேர், மடியில் இருந்த பிள்ளைகளைக் கணக்கெடுக்காமல். காஸ் சிலிண்டர் ஒண்டு, ரெண்டு சட்டி, அரிசி மூட்டை, பாய், தலையணை. இஷா தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். ராவோடு ராவாக ஓடினால் விடிய அங்கே, ஒரு நாள் ரூம் காசு மிச்சம். அதுதான் எங்கட ஊர்க் கணக்கு. அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு.

வளைவில் ஏறும்போது மழைத் தூறல். எல்லாரும் நித்திரை. எனக்கு மட்டும் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்ததால் முழித்திருந்தேன். எத்தனையாவது வளைவு எண்டு ஞாபகமில்லை, வேன் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேராகப் போனது. அல்லாஹ்வின் காவல், அந்த இடத்தில் நேராக இருந்தது பள்ளமில்லை, மலை. முன் சில்லு கானுக்குள் இறங்கி வேன் சாய்ந்து நின்றது. உம்மாட நெற்றியில் ஒரு வெட்டு. ஒரு பிள்ளைக்குக் கை முறிவு. அவ்வளவுதான்.

ட்ரைவர் நித்திரையாகிவிட்டார். பிறகுதான் தெரியும், அண்டைக்குக் காலையில்தான் அவர் கொழும்பு ஹயர் ஒண்டை முடித்துவிட்டு வந்திருக்கிறார். ரெண்டு நாளாகக் கண் மூடவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிழைப்புக்கு ஓடுகிறவர். பதினேழு பேர் வேனில் ஏறினோம், ஒரு ஆளாவது அவரிடம் "நேத்து எப்ப படுத்தீங்க?" எண்டு கேட்டோமா?

அதைவிட எனக்கு வெட்கமானது பிறகு நடந்தது. ஊர்ச் சனம் வந்து வேனைத் தூக்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் எண்டோம். பிளேன்டீ குடித்தோம். உம்மாட நெற்றிக்கு மருந்து கட்டி, பிள்ளையின் கைக்கு ஆஸ்பத்திரியில் பத்துப் போட்டு, அதே வேனில் அதே ட்ரைவரோடு பயணத்தைத் தொடர்ந்தோம். அடுத்த வருஷமும் இஷாவுக்குப் பிறகுதான் வெளிக்கிட்டோம். காவலுக்கு நன்றி சொன்னோம், பாடம் படிக்கவில்லை.

இது எங்கட வீட்டுக் கதை மட்டுமில்லை. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் மவுத்தானார்கள். அதே வருஷம் செப்டம்பரில் எல்ல–வெல்லவாய ரோட்டில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் மலை ரோட்டில் இரவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது விளையாட்டில்லை எண்டதற்கு இனி யாரும் அத்தாட்சி காட்டத் தேவையில்லை.

இப்ப மச்சான்ட விஷயத்துக்கு வருவோம்.

அவரும் முதலில் எங்கட ஊர்க் கணக்கில்தான் தொடங்கினார். டிசம்பர் லீவு ரெண்டு கிழமை. தெற்கு இங்கிலாந்தில் கப்பலில் கரவனை ஏற்றினால் வடக்கு ஸ்பெயினில் சந்தாந்தர் துறைமுகம். அங்கிருந்து கிரனாடா. அல்ஹம்ரா பார்க்க வேண்டும், குர்துபாப் பள்ளி பார்க்க வேண்டும். எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு நாளில் ஓடிவிடலாம். வெயில். சுபம்.

ராத்தாதான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறா. அவ இங்கே கணக்குப் படிப்பித்தவ. "நாளை எண்ணுங்க" எண்டிருக்கிறா. கப்பல் மட்டும் போக ஒரு நாளுக்கு மேல், வர ஒரு நாளுக்கு மேல். நடுவில் பிஸ்கே விரிகுடா, குளிர்காலத்தில் புயலுக்குப் பேர்போன கடல், கப்பல் பிந்தலாம். பின்னால் கரவன் கொழுவின காரைத் தனிக் கார் மாதிரி ஓட்ட முடியாது. வேகம் குறைவு, வளைவில் கவனம், காத்து அடித்தால் இன்னும் கவனம். பகல் வெளிச்சம் அந்த மாதத்தில் தெற்கு ஸ்பெயினிலேயே ஒன்பதரை மணித்தியாலம்தான். பழக்கமில்லாத இடத்தில் இருட்டில் கரவனை நிப்பாட்டுவது முதல் தடவை போகிறவருக்குச் சரிவராது. அப்படியெண்டால் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் வைக்கலாம். போக மூன்று நாள், வர மூன்று நாள். பதினாலு நாளில் வழியிலேயே பத்து நாள் போய்விடுகிறது. "நாலு நாள் வெயிலுக்குப் பத்து நாள் ரோட்டா?" எண்டு கேட்டிருக்கிறா.

ரெண்டாவது, அந்த வெயிலே. கிரனாடா எண்டால் தெற்கு, தெற்கு எண்டால் சூடு எண்டுதான் மச்சான் நினைத்திருந்தார். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே, பின்னால் பனி மூடின சியரா நெவாடா மலை. டிசம்பர் இரவில் அங்கே உறைகுளிர் தொடும். சந்தாந்தரில் இறங்கித் தெற்கே வரும் வழியில் உள்ள புர்கோஸ் மேட்டுநிலத்தில் பனிகூட விழும். வெயில் இருப்பது கடற்கரையில், மலாகா, அல்மேரியாப் பக்கம். அதுவும் எங்கட வெயிலில்லை. பகலில் 16, 17 பாகை, இரவில் 8. லண்டன்காரருக்கு அது கோடை. சம்மாந்துறையில் அந்தக் குளிர் வந்தால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம்.

மூன்றாவது, பாரம். இதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. கரவனுக்குள் இடம் இருக்கிறதே எண்டு எல்லாத்தையும் அடைய முடியாது. ஒரு சாதாரணக் கரவனில் நாமாக ஏற்றக்கூடிய பாரம் 150 கிலோ அளவில்தான் இருக்கும். அதற்குள் பற்றரி, காஸ், உடுப்பு, சாப்பாடு, பிள்ளைகளின் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். கரவனின் மொத்தப் பாரம் இழுக்கிற காரின் பாரத்தில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது புதிதாக ஓட்டுகிறவருக்கு நல்லது எண்டு அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் கரவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும், காரையும் சேர்த்து இழுத்து விழுத்தும். உம்மா இங்கிருந்து அனுப்பிய கீரிச்சம்பா, மாசி, மிளகாய்த்தூள் எல்லாத்தையும் ராத்தா தராசில் வைத்து நிறுத்தாவாம். பதினேழு பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பதினெட்டு வளைவு ஏறின எங்களுக்கு இது பகிடியாகத்தான் தெரியும்.

காஸுக்கும் ஒரு கதை உண்டு. சிலிண்டரில் ரெண்டு வகை. பியூட்டேன் எண்ட காஸ் பூச்சியப் பாகைக்குக் கிட்ட வந்தால் ஆவியாகாது, சிலிண்டர் நிறைய இருந்தாலும் அடுப்பு பத்தாது. புரோப்பேன் மைனஸ் 40 பாகையிலும் வேலை செய்யும். குளிருக்குள் போகிறவர் புரோப்பேன் எடுக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சிலிண்டரின் வாய் வேற, பிரிட்டன் சிலிண்டரை ஸ்பெயினில் கொடுத்து மாற்ற முடியாது. பூட்டின கரவனுக்குள் அடுப்பைப் பத்தவைத்துக் குளிர் காய்ந்தால் மணமில்லாத விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். அதற்கு ஒரு அலாரம் கட்டாயம் வேண்டும்.

சாப்பாட்டுக்கும் சட்டம் இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகு, 2021 முதல் அங்கிருந்து ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோக முடியாது. ரெண்டு கிழமைக்கு ஹலால் இறைச்சி சமைத்து ப்ரீசரில் வைத்துக் கொண்டுபோகிற திட்டம் அதோடு முடிந்தது. பால்மாவும் அந்தக் கணக்கில்தான். அண்டலூசியாவில் மொரோக்கோ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், இறைச்சிக்கடை இருக்கும், அங்கே போய் வாங்க வேண்டியதுதான்.

எல்லாத்தையும்விடப் பெரிய விஷயம் கடதாசி. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போட். 180 நாளில் 90 நாள் ஷெங்கன் நாடுகளுக்குள் வீசா இல்லாமல் இருக்கலாம். ராத்தாட கையில் இன்னும் இலங்கைப் பாஸ்போட். ஒரே கரவன், ஒரே குடும்பம், ஒரே கடல். மூன்று பேருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஒரு ஆள் தட்ட வேண்டும். பிரிட்டனில் குடியிருக்க அனுமதி இருந்தாலும் அது ஷெங்கனுக்குச் செல்லாது. வீசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க ஏலாது, பதினைந்து நாளுக்குக் குறைந்தாலும் ஏலாது. பாங்க் கணக்கு, வேலைக் கடிதம், தங்குகிற இடத்தின் புக்கிங் எல்லாம் காட்ட வேண்டும். "கண்ட இடத்தில் நிப்பாட்டுவம்" எண்ட மச்சான்ட சுதந்திரம் அந்த இடத்திலேயே முடிந்தது. ஒவ்வொரு இரவும் எங்கே படுப்பது எண்டு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதை ராத்தா சொல்லும்போது குரலில் ஒரு மாதிரி இருந்தது. "இவங்க மூணு பேரும் ஆசைப்பட்ட உடனே போகலாம் தம்பி. நான் ஆசைப்பட்டதை நிரூபிக்கணும்."

எங்கட பாஸ்போட்டைக் கையில் வைத்திருக்கிற ஆட்களுக்குப் பிளான் போடாமல் பயணம் எண்ட ஒண்டு கிடையாது. "சும்மா எடுத்துட்டுப் போ" எண்ட பேச்சு யாருக்குச் சொந்தம் எண்டால், உலகம் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஆட்களுக்குத்தான். அவர்களே ஆறு மாதம் உட்கார்ந்து பாரம் நிறுத்து, வானிலை பார்த்து, காஸ் வாய் பார்த்துப் போகிறார்கள். நாங்கள் மட்டும் சும்மா போகிறோம்.

எங்கட வாப்புமார் அப்படி இருந்தவர்களில்லை. சம்பான் வந்து நின்ற துறை எண்டதால்தான் சம்மாந்துறை எண்டு ஊரில் சொல்வார்கள். இந்தக் கரையோரத்து முஸ்லிம்கள் கண்டி இராச்சிய காலத்தில் தாவளம் ஓட்டினார்கள். தாவளம் எண்டால் பொதிமாட்டுக் கூட்டம். உப்பு, கருவாடு, துணி ஏற்றிக்கொண்டு காடு கடந்து மலைநாட்டுக்குப் போய், பாக்கு முதலான சாமான் ஏற்றிக்கொண்டு திரும்புவது. 'கரவன்' எண்ட சொல்லே முதலில் இப்படிச் சேர்ந்து போகிற வியாபாரக் கூட்டத்துக்குப் பாரசீகத்தில் இருந்த பேர்தான். உப்பை நனைய விட்டால் முதலே போய்விடும், ஆறு பெருகினால் மாடு கடக்காது. ஆகவே எந்த மாதம் போவது எண்டு தெரிந்திருக்க வேண்டும். மாட்டின் முதுகு தாங்குகிற பாரத்துக்கு ஒரு அளவு உண்டு. எங்கே தண்ணி, எங்கே புல்லு, எந்த ஊரில் தங்கலாம், யார் தெரிந்த ஆள், யாருக்கு வரி. வானிலை, பாரம், கடதாசி, இளைப்பாறுகிற இடம். மச்சான்ட கொப்பியில் இருக்கிற தலைப்பும் இதேதான். மாடு நின்றால் கூட்டம் நிற்கும், அதனால் மாட்டுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நாங்கள் ட்ரைவருக்குக் கொடுப்பதில்லை.

"எல்லாத்தையும் கணக்குப் பார்த்தா ட்ரிப்ல என்ன பம்பல் இருக்கு?" எண்டு கூட்டாளி ஒருவன் கேட்டான். ஞாயமான கேள்விதான். எதிர்பாராமல் ஒரு ஓடையைக் கண்டு வேனை நிப்பாட்டிக் குளிப்பதுதான் ட்ரிப்பின் சுகம், எனக்கும் தெரியும். ஆனால் ஓடையில் நிப்பாட்ட நேரம் வேண்டுமே. ராவு முழுக்க ஓடி, விடிய நுவரெலியா, பகல் ஹக்கல, பின்னேரம் கண்டி, மறுபடி ராவு ஓட்டம் எண்டு அடைத்து வைத்தால் எங்கே நிப்பாட்டுவது? நாளைக்கு 300 கிலோமீட்டர் எண்டு மட்டுப்படுத்தின ஆளுக்குத்தான் வழியில் நிப்பாட்ட ஏலும்.

உம்மாட கேள்வி இதைவிடக் கனமானது. இவ்வளவு காசைக் கொட்டி ஆசைக்கு ஒரு பயணம் தேவையா? எங்கட ஊரில் பாஸ்போட் எண்டால் கட்டார், சவூதி, குவைத். போகிறவன் குடும்பத்துக்காகப் போகிறான், பார்க்கப் போவதில்லை. பத்து வருஷம் தோஹாவில் இருந்துவிட்டு வந்த எங்கட அயலவர் ஒருவருக்குத் தங்கின கேம்பையும் வேலைத் தளத்தையும் தவிர வேற இடம் சொல்லத் தெரியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த உழைப்பில்தான் ஊரில் பாதி வீடு நிற்கிறது. ஆனாலும் பார்ப்பதற்காகப் போவது வெட்கப்படவேண்டிய விஷயம் இல்லை. இப்னு பதூதா 1325இல் தஞ்சாவிலிருந்து ஹஜ்ஜுக்கெண்டு வெளிக்கிட்ட இருபத்தொரு வயதுப் பொடியன். ஹஜ் முடிந்ததும் வீடு திரும்பவில்லை. 1344இல் இந்தத் தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். சில வருஷம் கழித்து, மச்சான் போக ஆசைப்படுகிற அதே கிரனாடாவையும் பார்த்தார். அவரையும் யாராவது "இது தேவையா மகன்?" எண்டு கேட்டிருப்பார்கள்.

தேவையா இல்லையா எண்டதை அவரவர் வசதி தீர்மானிக்கட்டும். கடன்பட்டுப் போகச் சொல்லவில்லை. போவதெண்டால் அதை மதித்துப் போங்கள் எண்டுதான் சொல்கிறேன்.

இன்னொண்டும் இருக்கிறது. இதை எழுதுவதற்குத் தயக்கமாகவும் இருக்கிறது, ஏனெண்டால் இது எங்கட வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

நுவரெலியாவுக்கு எத்தனையோ தடவை உம்மா வந்திருக்கிறா. விக்டோரியா பார்க்கைப் பற்றிக் கேட்டால் அவவுக்குச் சொல்லத் தெரியாது. தங்கின மடத்தின் குசினியைக் கேட்டால் ஜன்னல் எந்தப் பக்கம், தண்ணி எந்த நேரம் வரும் எல்லாம் சொல்லுவா. நாங்கள் படகு ஓடினோம், அவ பதினேழு பேருக்கு ஆணம் காய்ச்சினா. நெற்றியில் கட்டோடு போன அந்தத் தடவையும் அவதான் சமைத்தா. எங்களுக்கு அது ட்ரிப். அவவுக்கு அடுப்பு இடம் மாறினது, அவ்வளவுதான்.

கரவனைப் பற்றி மச்சான் சொன்ன பெரிய நன்மையே "குசினி உள்ளுக்கே இருக்கு, கடைச் சாப்பாட்டுக் காசு மிச்சம்" எண்டதுதான். ராத்தா கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குசினியில நிக்கப் போறது யாரு?" சில்லு வச்ச வீட்டை இழுத்துக்கொண்டு ஆயிரம் மைல் போய், அங்கேயும் அவ மூன்று நேரமும் சமைத்து, சட்டி கழுவி, பிள்ளைகளுக்கு உடுப்புக் காயப்போடுவதெண்டால், அவவுக்குக் கிடைப்பது வெயில் படுகிற ஒரு ஜன்னல் மட்டும்தான். இதையும் பிளானில் எழுத வேண்டும். யார் ஓட்டுவது எண்டு எழுதுகிறோம், யார் சமைப்பது எண்டு எழுதுவதில்லை. மச்சான் எழுதியிருக்கிறார். ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர்ட முறை.

சரி, ஸ்பெயின் எங்களுக்கு எட்டாது. ஆனால் மாரியை விட்டு வெயிலுக்குப் போக எங்களுக்கு வீசா தேவையில்லை. வாடைக்காற்று எங்கட கரையில் மழையைக் கொட்டுகிற டிசம்பர், ஜனவரியில்தான் மலைக்கு அந்தப் பக்கம், காலி, வெலிகம, மிரிஸ்ஸப் பக்கம் வெயில் திரும்புகிறது. வெள்ளைக்காரர் அந்த நேரம் அங்கே நிற்பதும், ஏப்ரல் மே ஆனதும் எங்கட அறுகம்பேக்கு வருவதும் தற்செயல் இல்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டு எங்கட காற்றின் திசையைப் படித்துவிட்டு வருகிறார்கள். கச்சான் எப்ப, வாடை எப்ப எண்டு அவர்களைவிட நன்றாகத் தெரிந்த வட்டவிதானைமார் உள்ள ஊரில், நாங்கள் கொட்டுகிற மழைக்குள் மண்சரிகிற மலைக்குப் போகிறோம். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது எண்டு கண்டோம்.

எங்கட வாசலிலேயே பார்த்ததுதானே. 2024 நவம்பர் 26, காரைதீவு–மாவடிப்பள்ளி ரோட்டில் வெள்ளத்தில் அள்ளுப்பட்ட உழவு இயந்திரத்தில் இருந்தவை மத்ரசாவிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த எங்கட ஊர்ப் பிள்ளைகள். அந்த மையித்துகள் வந்த நாளை இந்த ஊர் மறக்காது. அது ட்ரிப்பில்லை, வீடு திரும்புகிற பயணம். ஆனால் மாரியில் ரோட்டில் இறங்குவதெண்டால் வானத்தையும் தண்ணியையும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் எண்டதை அதற்கு மேல் யார் எங்களுக்குச் சொல்ல வேண்டும்?

மச்சான் என்ன முடிவெடுத்தார் எண்டு சொல்லி முடிக்கிறேன். இந்த டிசம்பர் ஸ்பெயின் இல்லை. ராத்தாட வீசாவுக்கு நாள் கிடைத்தது பிந்தித்தான், அவவை விட்டுவிட்டுப் போக மச்சான் விரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஒக்டோபரில் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு இடத்தில் ரெண்டு ராத்திரி கரவனில் படுத்துப் பார்த்தார்கள். முதல் ராத்திரியே ஹீட்டர் நின்றது. ஜன்னல் ஓரத்தில் தண்ணி ஒழுகியது. சின்னவன் கட்டிலால் விழுந்தான். "ஸ்பெயின்ல வச்சு இது நடந்திருந்தா?" எண்டு ராத்தா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. அடுத்த குளிர்காலத்துக்கு இப்பவே கொப்பி திறந்தாயிற்று. கிரனாடாவில் கரவனை நிப்பாட்டுவதில்லை. கடற்கரையில் நிப்பாட்டிவிட்டு ஒரு நாள் பஸ்ஸில் போய் வருவது.

நாங்களும் இந்த டிசம்பர் போகிறோம். வெலிகம. பன்னிரண்டு பேர், பதினாலு சீற் வேன். சுபஹுத் தொழுதுவிட்டு வெளிக்கிடுவது, இருட்டுவதற்கு முன்னால் தங்குவது. சட்டி பானை இல்லை. உம்மாவிடம் "நீங்க சமைக்க வேணாம்" எண்டதற்கு அவ கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசவில்லை. பிறகு, கடல் பார்க்கிற மாதிரி ரூம் எடுத்தீங்களா எண்டு கேட்டா.

வேன்காரரிடம் பேசப் போனபோது, முதல் நாள் ஹயர் ஏதும் எடுக்க வேண்டாம், அந்த நாள் காசையும் நாங்கள் தாறோம், வீட்டில் நித்திரை கொண்டுவிட்டு வாங்க எண்டேன். மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இருவது வருஷமா ஹயர் ஓடுறன் தம்பி. நித்திரையைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல."